பரஸ்தானத்தில் ஒரு மழைக்காலம்

நம் முதியோர் குழுவில் என் வயதை ஒத்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பியாகிவிட்டது, போக வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பவும் முடியாது என்று நடுவில் மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்களா? நான் இரண்டு முறை இருந்திருக்கிறேன். முதல் முறை ஒன்பது வயதில், மேற்கு ஆப்பிரிக்காவில், கடலே இல்லாத ஒரு நாட்டில். இரண்டாவது முறை இந்த மாதம், நோபல் பார்க் புறநகரில், மன்னாரிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில்.

பின்னறை என்பது மரியாதைக்குச் சொல்வது. கார் நிறுத்தும் கொட்டகையைத் தடுத்துக் கட்டிய இடம். ஒரு கட்டில், அவர் கதிரை என்று சொல்லும் ஒரு நாற்காலி, சுவரோரம் அவருடைய தேவாலயத் திருவிழாவுக்கான மடக்கு மேசைகள் பதினொன்று. ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டு வேலி மட்டும். வேலியில் நாற்பத்திரண்டு பலகைகள். மூன்று ஆணி கழன்று விலகியிருக்கின்றன. யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

அங்கே போன கதை சுருக்கமானது. பக்கத்துப் புறநகரான மல்கிரேவில் மகன் வீட்டில் இருந்தேன். சில மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் மகனுக்குப் பயம் வந்துவிட்டது. பகலெல்லாம் நான் தனியாக இருக்கிறேன் என்று டாண்டினாங்குக்குத் தெற்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தான். பேத்திக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்க ஓர் அறை தேவை. நான் சரி என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. உனக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

இல்லத்தார் கொடுத்த நாள் வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம். நம் குழுவில் எல்லா மதத்தவரும் இருப்பதால் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது, அதைச் சூலம் என்போம். தவிர்க்க முடியாத பயணமென்றால் அதற்கு ஒரு வழி உண்டு. முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கி, அயலார் வீட்டில் தங்கிவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். இதில் ஒரே ஒரு கண்டிப்பு. இறங்கியவர் திரும்பத் தன் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பயணம் முறிந்தது.

ஆகவே புதன்கிழமை காலை ஒரு பெட்டியோடு மன்னார் நண்பர் வீட்டுக்குப் போனேன். ஒரே ஓர் இரவுக்காக. மறுநாள் காலை இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே வயிற்றுப்போக்குத் தொற்று. மறு அறிவிப்பு வரை புதியவர்களைச் சேர்ப்பதில்லை.

மகன் உடனே அழைத்தான். வீட்டுக்கு வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். கிளம்பியாகிவிட்டது, திரும்பக் கூடாது என்று சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டான். வீட்டுச் சாவி அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இதே தவற்றை என் அப்பா செய்ததைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா காரைக்காலில் பிரெஞ்சு படித்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு உலகில் எங்கெல்லாமோ உத்தியோகம் கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்தது இன்று புர்கினா ஃபாசோ என்று சொல்லப்படும் நாட்டில், போபோ என்ற ஊரின் கருவூலத்தில். பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடிந்து போயிருந்தது. கணக்கு எழுத மட்டும் இன்னும் ஆள் தேவைப்பட்டது.

பேத்தி ஒருமுறை, சின்ன வயதில் எந்தக் கடற்கரைக்குப் போவீர்கள் என்று கேட்டாள். அவளிடம் வரைபடத்தைக் காட்டினேன். சுற்றி ஆறு நாடுகள், எந்தப் பக்கத்திலும் கடல் இல்லை. "ஸோ யூ வேர் ஸ்டக்?" என்றாள். ஆமாம் என்றேன்.

மண் செங்கல் பொடியைப் போலச் சிவப்பு. வெயில் காலத்தில் அது காற்றில் நிற்கும், துவைத்த வேட்டி காய்வதற்குள் காவியாகும். அந்த நாட்டுக்குள் வருவதும் போவதும் ஒரே ஒரு ரயில் பாதையில். தெற்கே கடற்கரை நாட்டின் துறைமுகத்துக்குப் போகும் பாதை அது. நிலக்கடலை, பருத்தி, கரிட்டே என்ற எண்ணெய் மரத்தின் கொட்டை எல்லாம் அதில் கீழே போகும். மண்ணெண்ணெய், சர்க்கரை, சிமென்ட், எங்கள் கடிதங்கள் எல்லாம் அதில் மேலே வரும். எல்லாவற்றையும்விட அதிகமாகப் போனவர்கள் ஆண்கள். மோஸி இனத்து இளைஞர்கள் துணி மூட்டையோடு கூரை வரை அடைந்து, கடற்கரை நாட்டின் காப்பி, கோகோ தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். ஃபுலானி இனத்தவர் மட்டும் ரயிலை நம்பியவர்கள் அல்லர். மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே எல்லை கடப்பார்கள்.

அப்பாவுக்கு அந்த நாட்டைப் பிடிக்கவில்லை. கடல் இல்லாத நாடு என்பது சாவி அடுத்த வீட்டுக்காரனிடம் இருக்கும் வீடு என்பார். அவருடைய ஒப்பந்தம் முடிந்த ஆண்டில் அக்காவுக்குப் பதினேழு வயது. காரைக்காலில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி, ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். ரயிலில் துறைமுகம், அங்கிருந்து கப்பல், இன்னொரு கப்பல், அதன் பிறகு ஊர். ரயில் வியாழக்கிழமை. துறைமுகம் தெற்கே. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

புதன்கிழமை காலை நாங்கள் நான்கு பேரும் ஒன்பது பெட்டிகளோடு வீட்டை விட்டு இறங்கி, மூன்று தெரு தள்ளியிருந்த கோலாக்காரர் வீட்டுக்குப் போனோம். கோலா என்பது அந்த நாடுகளில் மெல்லும் ஒரு கசப்புக் கொட்டை. நம் ஊரில் வெற்றிலை பாக்குப் போல, கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எதற்கும் அது வேண்டும். ஆனால் அந்த நாட்டில் விளையாது, தெற்கே காட்டு நாட்டிலிருந்துதான் வர வேண்டும். கோலாக்காரர் தியுலா இனத்தவர், முஸ்லிம், அப்பாவிடம் கருவூல வேலையாக வந்து பழகியவர். ஓர் இரவு தங்க இடம் கேட்டபோது, காரணம் என்னவென்றுகூடக் கேட்காமல் முற்றத்தின் ஓர் அறையைத் துடைத்துக் கொடுத்தார்.

அன்று இரவு மழை பிடித்தது. காலையில் ஸ்டேஷனுக்குப் போன அப்பா தனியாகத் திரும்பி வந்தார். எல்லைக்கு அப்பால் ஒரு பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. எப்போது சரியாகும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை.

லாரியில் போகலாமே என்று அம்மா கேட்டாள். அதுவும் முடியாது. மழை பெய்தால் அந்த நாட்டுச் செம்மண் சாலைகளில் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு அடைத்துவிடுவார்கள். ஈர மண்ணில் லாரி ஓடினால் சாலையே கூழாகிவிடும் என்பதால், மண் காயும்வரை ஒருவரும் நகர முடியாது. கட்டைக்குப் பக்கத்தில் குடையோடு ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். மண் காயும் நேரத்தில் அடுத்த மழை வரும். கட்டையின் இரு பக்கமும் லாரிகள் நிற்கும். நான் போய் எண்ணிவிட்டு வந்து அப்பாவிடம் சொல்வேன். ஒருநாள் இருபத்தாறு. எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கவில்லை. தண்ணீரே இல்லாத நாடென்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் தண்ணீர்தான் எங்களைப் பிடித்து வைத்தது.

எங்கள் வீடு காலியாகத்தான் இருந்தது. ஊரை விட்டுப் போகும்வரை அரசாங்கம் கொடுத்த வீடு அது, சாவியை ரயிலேறும்போது ஒப்படைத்தால் போதும். அந்தச் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் நான்கு பேர் ஒன்பது பெட்டிகளுக்கு நடுவே ஓர் அறையில் படுத்துக்கொண்டிருந்தோம். மூன்று தெரு தள்ளி நான்கு அறைகள் பூட்டிக் கிடந்தன.

அம்மா ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பரஸ்தானத்துக்கும் கெடு உண்டுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. இத்தனை நாள்தான் தாங்கும்னு."

"அது மாட்டு வண்டி காலத்துக்கு" என்றார் அப்பா. "ரயிலுக்கு இல்ல."

அப்பா படித்தவர். காரைக்காலில் இருந்திருந்தால் இத்தனை கண்டிப்பு காட்டியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நம்மைச் சுற்றி நம் வழக்கம் தெரிந்த ஒருவரும் இல்லாதபோது அதை நாமே இரண்டு மடங்காகப் பிடித்துக்கொள்கிறோம். இந்த ஊரில் நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் வீட்டுக்குள் போகக் கூடாது, பிறர் போகலாம். கோலாக்காரருக்கு இரண்டு மனைவிகள். சின்ன மனைவி சாவியை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய், நாங்கள் விட்டுவிட்டு வந்திருந்த அருவாமணையைக் கொண்டு வந்தாள், இன்னொரு நாள் அம்மிக் குழவியைக் கொண்டு வந்தாள். அம்மியைத் தூக்க முடியவில்லை. அம்மா வெறும் குழவியை வைத்துக்கொண்டு கோலாக்காரர் வீட்டு வாசற்படிக் கல்லில் மிளகாய் அரைத்தாள். அந்தப் படியில் உட்கார்ந்தவர்களெல்லாம் எழுந்து ஓடினார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஜன்னல் கட்டையில் மறந்து வைத்துவிட்ட என் தகர டப்பா. அதில் காரைக்கால் கடற்கரையில் பொறுக்கிய முப்பத்தொரு சிப்பிகள் இருந்தன. சின்ன மனைவிக்குச் சிப்பி என்றால் என்னவென்று விளங்கவில்லை. அக்கா அவள் மொழியில் என்னென்னவோ விளக்கிச் சொன்னாள். சின்ன மனைவி போய்விட்டு வந்து, ஒன்றும் இல்லை என்று கையை விரித்தாள். நான் அன்றாடம் அழுதேன். நான் அழுவது அந்த வீட்டின் ஓசைகளில் ஒன்றாகிப் போனது, கூரையிலிருந்து மழை சொட்டுவதைப் போல.

அம்மாவுக்கு மீன் இல்லாதது பெரிய குறை. ஊரின் நடுவே ஓடிய சிற்றாற்றில் ஆள் கை நீளக் கெளுத்திகள் மண்டிக் கிடந்தன. முதல் முறை பார்த்தபோது அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியே விட்டாள். ஊர்ப் பெண்கள் ஓடி வந்து தடுத்தார்கள். அவை அவர்களுடைய மூதாதையர், பிடிக்கக் கூடாது, இறந்தால் துணி சுற்றிப் புதைப்பார்கள் என்று அக்கா கேட்டுச் சொன்னாள். அம்மா கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊர்க் கோயில் குளத்து மீன் மாதிரிதான் என்று கடைசியில் சமாதானமானாள். அதன் பிறகு அவளும் சோற்று உருண்டை போட்டாள். ஆனால் போடும்போது மசாலாவைப் பற்றிப் பேசுவாள்.

அந்த மழைக்காலத்தில் அந்த ஊரில் மாட்டிக்கொண்டதால் லாபம் பார்த்தவர் கோலாக்காரர் ஒருவர்தான். புதுச் சரக்கு வராததால் இருந்த சரக்கின் விலை ஏறிக்கொண்டே போனது. கூடைகளில் அகன்ற பச்சை இலை சுற்றிக் கொட்டைகள் இருக்கும். சில நாட்களுக்கு ஒருமுறை அவிழ்த்து, பூச்சி அரித்ததை எறிந்து, இலை மாற்றிக் கட்ட வேண்டும். ஈர இலையும் கசப்பும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் எப்போதாவது ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே என்னைப் பிடித்து நிறுத்தும். இரண்டு மனைவிகளும் கொட்டை பிரிக்க உட்கார்ந்தால் அக்காவும் உட்காருவாள். சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். அவளுக்குக் கை சீக்கிரம் பழகிவிட்டது. அவர்களோடு அவர்கள் மொழியில் பேசிச் சிரிப்பாள். எங்களோடு அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள் அக்கா படித்த பள்ளியின் கன்னியாஸ்திரி வந்தார். வெள்ளை அங்கி முழங்கால் வரை செம்மண் அடித்து, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா அவரைப் பெரிய பெட்டிமேல் துணி விரித்து உட்கார வைத்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அவர் சொன்ன செய்தி இதுதான்: ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மழை முடிந்ததும் இதே ஊரில் தேர்வு நடக்கும், அக்கா எழுதினால் நிச்சயம் தேறுவாள், தங்கும் செலவு கல்லூரியுடையது, நீங்கள் எப்படியும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

அப்பா மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். நாங்கள் கிளம்பிவிட்டோம், இனித் திரும்ப முடியாது என்றார்.

கன்னியாஸ்திரி வாசல் பக்கம் கையைக் காட்டினார். "உங்கள் வீடு அதோ இருக்கிறதே."

"அது வேறு" என்றார் அப்பா.

அக்கா முற்றத்தில் கொட்டை பிரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நான் அவள் பக்கத்தில் இருந்தேன். நல்ல கொட்டைகளையும் எடுத்துச் சொத்தைக் குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு கொட்டைகளுக்குப் பிறகு நான் சுட்டிக்காட்டினேன். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பிரித்தாள். இருட்டில் கண் சரியாகத் தெரியவில்லை போலும் என்று அன்றைக்கு நினைத்தேன். நடுப்பகல் அது.

அதன் பிறகு நான்கு நாள் விடாத மழை. நான்காம் நாள் சாப்பிட்டு முடித்ததும் அப்பா சட்டையில்லாமல் பெட்டிகளுக்கு நடுவே தூங்கினார். அம்மா அவர் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கூரைச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெருப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன என்றார்கள்.

அந்த ஊரில் வெளியூர் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதற்கு ஜன்னல்தான் அடையாளம். மரக் கதவுகளை வெளிப்புறமாக அகலத் தள்ளிவிட்டால் தெருவே வந்து நலம் விசாரிக்கும். அப்பா வேறு சட்டை போட்டுக்கொண்டு ஓடினார். பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் கோலாக்காரர், இரண்டு மனைவிகள், யாரென்று தெரியாத பலர்.

ஆறு ஜன்னல்களும் திறந்திருந்தன. நடு ஜன்னலில் அக்கா நின்றாள். உள்ளே அடுப்புப் புகை.

அப்பா வாசலுக்கு வெளியே தெருவில் நின்றுவிட்டார். உள்ளே போய் இழுத்து வர வேண்டும், ஆனால் போனால் அவரே பயணத்தை முறித்தவராவார். மழை அவர் மேல் கொட்டியது. கோலாக்காரர் குடையை நீட்டினார், அப்பா கவனிக்கவில்லை.

"வெளியே வா" என்றார்.

"உள்ள வந்துட்டேன்ப்பா" என்றாள் அக்கா. அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. சமையல் ஆகிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். பிறகு அம்மா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அப்பாவைத் தாண்டி நடந்தாள். "மழையில நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே போய்விட்டாள். நான் அவள் பின்னால் ஓடினேன். கடைசியாகத்தான் அப்பா வந்தார், வலது காலை வைத்து.

நான் நேரே ஜன்னல் கட்டைக்கு ஓடிப் பார்த்தேன். டப்பா இல்லை.

அடுத்த வாரம் பாலம் சரியாகி ரயில் ஊதிக்கொண்டு வந்தது. நாங்கள் ஏறவில்லை. முறிந்த பயணத்தை வேறு நல்ல நாள் பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்றார் அப்பா. அவர் பார்த்த நல்ல நாளுக்குள் ஆவணி முகூர்த்தம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். அப்பா இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அக்கா தேர்வு எழுதித் தேறினாள். அந்த ஊரிலேயே பல காலம் ஆசிரியையாக இருந்தாள், பிறகு தானே ஒருவரைப் பார்த்து மணந்தாள். இன்று சிட்னியில், லிட்கமில் மகளோடு இருக்கிறாள். எண்பத்தொரு வயது.

ஊருக்கு அம்மா சொன்ன விளக்கம் இது: பிள்ளை சிப்பி டப்பாவுக்காக அழுதான், அக்கா பாவம் பார்த்து எடுக்கப் போனாள், டப்பா கிடைக்கவில்லை, மழை விடட்டும் என்று அடுப்பு மூட்டிக் குளிர் காய்ந்தாள். அதுவே எங்கள் குடும்ப வரலாறாகிவிட்டது. காரைக்காலில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சித்தப்பா ஒருவர் என்னைக் காட்டி, இவன் சிப்பிக்காகத்தான் இவன் அக்கா கல்யாணம் நின்றது என்பார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கேட்டிருக்கிறேன். சிரித்து வைப்பேன். உள்ளே ஒரு முள் இருக்கும்.

சென்ற வியாழன் காலை அக்கா லிட்கமிலிருந்து அழைத்தாள். மகன் அவளிடம் முறையிட்டிருக்க வேண்டும்.

"டேய், இன்னும் அந்த மன்னார்க்காரர் வீட்டுலதான் உக்காந்திருக்கியாமே?"

"கிளம்பியாச்சுக்கா. என்ன பண்றது?"

"அப்பா மாதிரியே பேசுற" என்று சிரித்தாள். பிறகு, "உனக்கு அங்க போக இஷ்டமா?" என்று கேட்டாள்.

"சரின்னு சொல்லிட்டேன்."

"நான் அதைக் கேக்கல."

பேச்சை மாற்ற, உன் கல்யாணத்தைக் கெடுத்தவனுக்கு இது வேண்டியதுதான் என்று பழைய வேடிக்கையைச் சொன்னேன்.

"அந்த டப்பா ஜன்னல் கட்டையிலதான்டா இருந்துச்சு" என்றாள்.

"கிடைக்கலன்னு சொன்னியே?"

"அம்மா சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. கையில எடுத்தேன். எடுத்துட்டு வந்தா அதுக்காகத்தான் வந்தேன்னு ஆயிடும். திரும்ப வெச்சேன். அப்புறம் ஜன்னல் கதவைத் தள்ளுனப்ப வெளிய வாய்க்கால்ல விழுந்துடுச்சு. தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு."

"அப்ப எதுக்குத்தான் போன?"

"உள்ள போறதுக்குத்தான் போனேன்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். அப்பா பையிலிருந்து சாவியை எடுக்கத் தைரியம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நான் எடுக்கல. அம்மா துவைக்கணும்னு சட்டையைக் கேட்டு வாங்கினாங்க. சாவியை எடுத்து என் மடியில போட்டாங்க, கோலாக் கொட்டையோட. ஒரு வார்த்தை பேசல. நாலு நாளா மழைடா. அன்னிக்கு யாராவது சட்டை துவைப்பாங்களா?"

அவள் வைத்த பிறகு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு வாய்க்கால் கெளுத்திகள் இருந்த சிற்றாற்றில் போய்ச் சேரும். அது கறுப்பு வோல்ட்டா ஆற்றில் சேரும். வோல்ட்டா கடலில் சேரும். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் புறப்பட்டவை என் முப்பத்தொரு சிப்பிகள் மட்டும்தான். வழியில் அணை குறுக்கிட்டிருந்தால் அது வேறு கணக்கு.

மன்னார் நண்பர் குசினி அடுப்பருகே நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மல்கிரேவுக்கு எந்த பஸ் என்று கேட்டேன். அவர் என்னையும் என் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தார்.

"இஞ்சயிருந்து எப்ப திரும்பிப் போவியள் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "இருங்கோ, காரை எடுக்கிறன். நான் உங்களை அனுப்பிவிட்டன் எண்டு உங்கட மகன் நினைக்கக் கூடாது, கேட்டால், அவர் பஸ்ஸில போனவர் எண்டு சொல்லுவன்."

"பொய் சொல்லலாமா?"

"ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில சுவாமியாரிட்ட சொல்லிப்போடுவன்."

அன்று வியாழன். மல்கிரேவ் நோபல் பார்க்குக்கு வடக்கே. வியாழனில் வடக்குக்குச் சூலம் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

வீட்டில் யாரும் இல்லை. வலது காலை வைத்து உள்ளே போனேன். என் அறையில் பேத்தியின் மேசை வந்திருந்தது, கட்டில் இன்னும் இருந்தது. கூடத்தில் தொடங்கி ஏழு ஜன்னல்களின் திரைகளையும் ஏற்றினேன். ஏழாவது சிக்கிக்கொண்டது, இழுத்துச் சரிசெய்தேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. முன்வாசல் கேமரா மகனுக்குச் சொல்லிவிட்டது.

"அப்பா, வீட்டுலயா இருக்கீங்க? இப்பதான் ஹோம்ல இருந்து போன் பண்ணாங்க. எல்லாம் சரியாயிடுச்சாம், திங்கக்கிழமை வரலாமாம்."

"நான் உள்ள வந்துட்டேன்ப்பா."

"இல்ல, திங்கக்கிழமைக்கு..."

"எனக்கு அங்க போக இஷ்டமில்லப்பா. பாத்ரூம்ல கைப்பிடி வெச்சுக்கலாம். பாப்பா கூடத்துல படிக்கட்டும், இல்ல நான் கூடத்துல படுத்துக்கறேன்."

அவன் அலுவலகத்தில் யாரோ பேசும் சத்தம் கேட்டது. மழையில் நின்ற அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவனை அவசரப்படுத்தக் கூடாது என்று காத்திருந்தேன்.

"வெளிய துணி காயுது" என்றான் கடைசியில். "மழை வர்ற மாதிரி இருக்கு. எடுத்து வெச்சிடுங்க."

பின்புறம் போய்க் கொடியிலிருந்து எடுத்தேன். பதினாறு உருப்படிகள். என்னுடையது ஒன்றும் இல்லை. நாளைக்கு இருக்கும்.